எட்டரை மணி நேரம் வீட்டில் ஆளில்லை: ஸ்லோ குக்கரில் முழுக்கோழி வைப்பது எப்படி?

நெல்லித்தோப்பு ஆசிரியை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பிரான்சில் வசிக்கும் என் நாத்தனார் சென்ற மாதம் புதுச்சேரிக்கு வந்திருந்தபோது, தாம் பயன்படுத்திய ஐந்தரை லிட்டர் ஸ்லோ குக்கரை (மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்) எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். காலையில் ஒரு முழுக்கோழியை உள்ளே வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனால் மாலையில் சாப்பாடு தயாராக இருக்கும் என்று அவர் சொன்னதை நம்பி, சென்ற வெள்ளிக்கிழமை செய்து பார்த்தேன்.

வழக்கமாக வாங்கும் கடையில் தோல் உரித்த பிராய்லர் கோழி ஒன்றைத் துண்டு போடாமல் கேட்டேன். கடைக்காரர் பழக்க தோஷத்தில் இரண்டு முறை கத்தியை ஓங்கி, இரண்டு முறையும் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உரித்த எடை ஒன்றேகால் கிலோ இருந்தது. குழம்புக்குச் செய்வதைப் போலவே மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் தடவி, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, லோவில் வைத்துவிட்டுக் காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன். நாலரைக்குத் திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது, வெளிறிய மஞ்சள் தண்ணீரில் கோழி மிதந்துகொண்டிருந்தது. காலைப் பிடித்துத் தூக்கினேன். கால் மட்டும் கையோடு வந்தது, உடல் உள்ளேயே கிடந்தது. நெஞ்சுக்கறி பஞ்சு நூலைப் போலப் பிரிந்து, வாயில் போட்டால் வறட்டுச் சுவையாக இருந்தது. மசாலா முழுவதும் கரைந்து தண்ணீரோடு போய்விட்டது. என் மாமியார் ஒரு வாய் சுவைத்துவிட்டு, "காய்ச்சல்காரருக்குக் கொடுக்கலாம்" என்று சொல்லித் தட்டை நகர்த்திவிட்டார்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். ஒரு கோழியைத் துண்டு போட்டுக் குழம்பு வைத்தால் ஒரே வேளையில் தீர்ந்துவிடுகிறது. தொடைக்கறியோ எலும்பில்லாக் கறியோ வாங்கினால் விலை கட்டுப்படியாகவில்லை. முழுக்கோழியாக வாங்கி இரண்டு மூன்று வேளைக்கு இழுத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் என் எண்ணம். என் குக்கரில் லோ, ஹை, வார்ம் என மூன்று நிலைகளுக்குத் திருகும் குமிழ் மட்டுமே இருக்கிறது. நேரம் வைக்கும் வசதி இல்லை. நான் எங்கே தவறு செய்தேன் என்பதையும், எட்டரை மணி நேரம் ஆளில்லாத வீட்டில் இறைச்சியை இப்படி விட்டுப் போவது பாதுகாப்பானதுதானா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர்:

சகோதரிக்கு வணக்கம். கடலூரில் இருந்துகொண்டு ஆறு ஆண்டுகளாக இந்தப் பாத்திரத்தோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் செய்த முதல் தவறு அந்த இரண்டு டம்ளர் தண்ணீர். பிரஷர் குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் அடிபிடிக்கும், ஆகவே நமக்குக் கை தானாகவே டம்ளரைத் தேடுகிறது. ஸ்லோ குக்கரில் ஆவி வெளியே போவதே இல்லை என்று சொல்லிவிடலாம். மூடியில் படிந்து, துளித்துளியாக மீண்டும் உள்ளேயே விழுகிறது. ஒன்றேகால் கிலோ பிராய்லர் கோழி தானாகவே ஒன்றரை டம்ளர் சாற்றை விடும். அதோடு உங்கள் இரண்டு டம்ளரையும் சேர்த்தால், அது வேகவைத்த கோழியே தவிர வேறொன்றுமில்லை.

இரண்டாவது, நேரம். லோ என்றால் குறைந்த சூடு, ஹை என்றால் அதிகச் சூடு என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான குக்கர்களில் இரண்டும் கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான ஏறக்குறைய ஒரே வெப்பத்துக்குத்தான் போய்ச் சேரும். ஹை சீக்கிரம் போகும், லோ மெதுவாகப் போகும், அவ்வளவுதான். எனவே லோவில் வைத்தாலும் எட்டரை மணி நேரம் என்பது பிராய்லருக்குக் கொடுமை. ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ எடைக்கு வளர்க்கப்பட்ட குஞ்சு அது. அதன் இறைச்சியில் கரைய வேண்டிய முதிர்ந்த தசைநார் கிடையாது. லோவில் ஐந்து மணி நேரமே அதற்குத் தாராளம். அதற்கு மேல் வைத்தால் நெஞ்சுக்கறியில் இருக்கும் ஈரம் பிழிந்து வெளியேறி, நீங்கள் பார்த்த அந்தப் பஞ்சு நூல்தான் மிஞ்சும்.

மூன்றாவது, தோல். நம் ஊர்க் கடைகளில் இறகோடு சேர்த்துத் தோலையும் உரித்துத் தருவதுதான் வழக்கம், ஏனென்றால் அவர்களுக்கு அது வேகமான வேலை. முழுக்கோழியாக வைப்பதற்குத் தோல் வேண்டும். அதுதான் மசாலாவைப் பிடித்துக்கொள்கிறது, நெஞ்சுக்கறியைக் காப்பாற்றுகிறது. சுடுதண்ணீரில் முக்கி எந்திரத்தில் இறகு எடுக்கும் கடையாகப் பார்த்து, தோலோடு கேளுங்கள். கணக்கிலும் இது லாபம்: உயிர் எடை இரண்டு கிலோ கோழி தோலோடு சுமார் 1.4 கிலோ தேறும், தோல் உரித்தால் அதில் நூறு கிராமாவது குறையும்.

விடுமுறை நாளில் நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதல் நாள் இரவே கோழியின் உட்பக்கத்தைச் சுத்தம் செய்து, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, ஒரு மேசைக்கரண்டி தூளுப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், இரண்டு தேக்கரண்டி மிளகு சீரகத்தூள், இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, அரை எலுமிச்சம்பழச் சாறு, கொஞ்சம் நல்லெண்ணெய் எல்லாவற்றையும் குழைத்து, தோலுக்கு மேலே மட்டுமன்றி, நெஞ்சுப் பக்கத்தில் தோலுக்கும் கறிக்கும் நடுவில் விரலை விட்டு உள்ளேயும் தடவி, எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். குக்கரின் பீங்கான் பாத்திரத்தையே ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துச் சூடேற்றினால் விரிசல் விடும், அதைச் செய்ய வேண்டாம். காலையில் பாத்திரத்தின் அடியில் தடிமனாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயம், உரித்த சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி, ஒரு முழுப்பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றை மெத்தை போலப் பரப்பி, அதன்மேல் கோழியை உட்கார வைக்க வேண்டும். கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட, பூக்காரம்மாவிடம் கேட்டு வாங்கும் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்துகிறேன்; சணல் கயிறு போல அதில் பிசிறு ஒட்டுவதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாமல் முதல் ஒரு மணி நேரம் ஹை, பிறகு நான்கு மணி நேரம் லோ. நடுவில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழந்த சூட்டை மீட்க இருபது நிமிடமாவது ஆகும்.

வெந்ததா என்று பார்க்க, இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எலும்பைத் தொடாமல் தொடையின் தடித்த பகுதியில் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். தோல் வெளிறித்தான் இருக்கும், அது இந்தப் பாத்திரத்தின் பிறவிக் குணம். நான் கோழியைக் கவனமாக எடுத்து, எண்ணெய் தடவிச் சுட வைத்த இரும்புத் தோசைக்கல்லில் ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு நிமிடம் சாய்த்துப் பிடிப்பேன். நிறமும் மணமும் வந்துவிடும்.

வேலை நாளில் எட்டரை மணி நேரத்துக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பிளக்கில் டைமர் மாட்டி நடுவில் அணைந்துவிடும்படி வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள்; வெந்த கறி நம் ஊர் வெயிலில் மணிக்கணக்கில் மெல்ல ஆறிக்கொண்டு கிடப்பது ஆபத்து என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முத்தியால்பேட்டைப் பாட்டி:

மஞ்சக்குப்பம் தம்பி பதில் இல்லை என்று விட்டுப்போன இடத்திலிருந்து நான் தொடங்குகிறேன். பாத்திரத்துக்கு ஏற்ற கோழியை வாங்க வேண்டும் அம்மா. கோழிக்கு ஏற்றபடி நீங்கள் பள்ளியிலிருந்து ஓடிவர முடியாது அல்லவா? எட்டரை மணி நேரம் கேட்கும் கோழி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் முட்டைக்கோழி.

நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் ஒன்றரை ஆண்டு வரை முட்டையிட்டு, முட்டை குறைந்ததும் கறிக்கு அனுப்பிவிடும் வெள்ளைக் கோழியைத்தான் சொல்கிறேன். நாட்டுக்கோழி விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகக் குறைவு. அவசரக்காரர்கள் அதை வாங்கிப் பத்து நிமிடத்தில் குழம்பு வைத்துவிட்டு, ரப்பர் மாதிரி இருக்கிறது என்று குறை சொல்வார்கள். வயதான கோழியின் தசைநார் உறுதியாக முறுகியிருக்கும். கொதிநிலைக்குக் கீழே நெடுநேரம் கிடந்தால்தான் அது இளகிப் பசையாகச் சாற்றில் கரையும். அப்படிக் கரைந்த சாறு ஃபிரிட்ஜில் வைத்தால் நுங்கைப் போலக் குலுங்கும். பிராய்லர் சாறு அந்த அளவுக்கு உறையாது, நீங்களே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

என் மாமியார் காலத்தில் கும்முட்டி அடுப்பில் கரித்தணலைப் போட்டு, மண்சட்டியில் கிழட்டுக் கோழியை வைத்து, மேலே மூடிக்கு மாவு பூசி, பூசைக்குப் போய்விட்டு வருவார்கள். உங்கள் நாத்தனார் கொடுத்த பீங்கான் சட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. தணலுக்குப் பதில் மின்சாரம், மாவுக்குப் பதில் கண்ணாடி மூடி.

முட்டைக்கோழி உரித்தபின் ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும். எல்லாக் கடையிலும் வைத்திருக்க மாட்டார்கள், இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள். தோலோடு வாங்கி, வீட்டில் கொஞ்சம் மஞ்சள் தடவி, அடுப்புத் தீயில் மேலோட்டமாக வாட்டி எடுங்கள். எந்திரத்துக்குத் தப்பிய பொடி இறகெல்லாம் கருகிப் போகும். வால் பக்கத்தில் மஞ்சளாகக் கொழுப்புத் திரண்டிருக்கும். அதை அறுத்துத் தனியாக உருக்கி வைத்துக்கொண்டால் வெங்காயம் வதக்க உதவும். வயிற்றுக்குள் ஓடு கட்டாத முட்டைக்கருக்கள் சிறிதும் பெரிதுமாக, மஞ்சள் மணியைக் கோத்த மாதிரி கொத்தாக இருந்தால் எறிந்துவிடாதீர்கள்; கடைசி அரை மணி நேரத்தில் சாற்றில் போட்டால் போதும், வீட்டில் சண்டை வரும் அளவுக்கு அதற்குக் கிராக்கி. தண்ணீர் ஊற்றவே கூடாது என்பது பிராய்லருக்குப் பொருந்தும். இந்தக் கோழி அவ்வளவு சாறு விடாது, ஆகவே முக்கால் டம்ளர் ஊற்றலாம்.

இரண்டாம் வேளைக்கு ஒரு வழி சொல்கிறேன். மீந்த சாற்றைத் தண்ணீரில் விளாவிக் கொதிக்க வைத்து, வெங்காய வடகத்தை எண்ணெயில் பொரித்துத் தாளித்துக் கொட்டுங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் கடுகும் சீரகமும் வெந்தயமும் சேர்த்துக் கோடையில் உருட்டிக் காயவைக்கும் நம் வீட்டு வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'வதுவான்' என்று பெயர் மாற்றித் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய்க் கோழிக்கும் மீனுக்கும் போடுகிறார்கள். உங்கள் நாத்தனாரைக் கேளுங்கள், அங்கே அது என்ன விலை என்று.

இலாசுப்பேட்டையிலிருந்து இன்னொருவர்:

சமையலைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. மின்சாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த உரையாடலைப் படித்துவிட்டு வெளிநாட்டு உறவினர்களிடம் குக்கர் கேட்கப் போகிறவர்கள், அது எந்த நாட்டுக் குக்கர் என்று முதலில் பார்த்துக்கொள்ளவும். பிரான்சிலும் இந்தியாவிலும் 230 வோல்ட் என்பதால் ஆசிரியை அவர்களுக்குப் பிளக்குக்கான இணைப்பான் ஒன்று போதும். என் மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியது 120 வோல்ட் குக்கர். அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்காமல் நேராகச் சுவரில் செருகினேன். இரண்டு நிமிடத்தில் புகை வந்தது, இப்போது அந்தப் பீங்கான் பாத்திரத்தில் என் மனைவி ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார். அதே சீட்டில் வாட் கணக்கும் இருக்கும். 200 வாட் குக்கர் ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும்.

நெல்லித்தோப்பு ஆசிரியை:

மூவருக்கும் மிக்க நன்றி. முட்டைக்கோழியைப் பற்றிப் பாட்டி எழுதியதைப் படித்தபின் எங்கள் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரே ஓர் ஐயம் பாக்கி இருக்கிறது. நான் வீட்டில் இல்லாதபோது மின்சாரம் போய்விட்டு வந்தால் எனக்கு எப்படித் தெரியும்? மழைக்காலத்தில் எங்கள் தெருவில் இது அடிக்கடி நடக்கிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர்:

இது கேட்க வேண்டிய கேள்விதான். 2011ஆம் ஆண்டு டிசம்பரில் தானே புயல் அடித்தபின் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்க்காரன் என்பதால், மின்சாரத்தை நம்பி எதையும் வைப்பதற்கு முன் நான் இரண்டு முறை யோசிப்பவன்.

உங்களுடையது குமிழ் உள்ள குக்கர் என்பதால், மின்சாரம் திரும்பியதும் தானாகவே மீண்டும் சூடேறத் தொடங்கும். பொத்தான் உள்ள பல வகைகள் அணைந்தபடியே கிடக்கும். ஆனால் இந்த வசதிக்குள்ளேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. நடுவில் மூன்று மணி நேரம் அணைந்து கிடந்து மறுபடி சூடானதா என்பதைக் கோழியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் கிடக்கும் இறைச்சியில் கிருமிகள் பெருகும், அவற்றில் சில விடும் நஞ்சு பிறகு கொதிக்க வைத்தாலும் போகாது. நான் செய்வது என்னவென்றால், மின்சாரத்தில் நேரடியாக ஓடும் ஒரு பழைய டிஜிட்டல் கடிகாரத்தைக் குக்கருக்குப் பக்கத்தில் அதே பலகையில் செருகி வைத்திருக்கிறேன். பேட்டரி இல்லாததால், மின்சாரம் போய் வந்தால் அது பன்னிரண்டிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தால், மின்சாரம் எத்தனை மணிக்குத் திரும்பியது என்பது தெரிந்துவிடும். எப்போது போனது என்பதை அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம். இடைவெளி இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றாலோ, யாரும் சரியாகச் சொல்லவில்லை என்றாலோ, மனது கேட்காவிட்டாலும் கோழியைக் கொட்டிவிடுவதுதான் சரி. பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவித்த நாளில் வைக்கவே வேண்டாம்.

நீங்கள் வீட்டில் இருக்கும்போது மின்சாரம் போனால், எல்லாவற்றையும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் கேஸ் அடுப்பில் வேகவைத்து முடித்துவிடலாம். பீங்கான் பாத்திரத்தை மட்டும் தீயின்மேல் வைத்துவிடாதீர்கள், வெடித்துவிடும். உறைந்த கோழியையும் நேராக உள்ளே வைக்கக் கூடாது. முதல் நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதும் இளகிய பிறகே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுப்பகுதி சூடாவதற்கே பாதி நாள் போய்விடும்.

முட்டைக்கோழி விஷயத்தில் பாட்டி சொன்னதை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். நான் ஆறு ஆண்டுகளாகப் பிராய்லரை மட்டுமே வைத்து, அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே காவல் இருந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நெல்லித்தோப்பு ஆசிரியை:

நேற்று வைத்தேன், விவரம் எழுதுகிறேன். காலை ஏழு மணிக்கு ஹையில் தொடங்கி, எட்டு மணிக்குக் கிளம்பும்போது லோவுக்குத் திருப்பினேன். முக்கால் டம்ளர் தண்ணீர், அடியில் வெங்காய மெத்தை, கால்களுக்கு வாழைநார். நாலரைக்கு வந்ததும், பக்கத்தில் செருகியிருந்த கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறது என்று பார்த்த பிறகுதான் மூடியைத் தொட்டேன். இந்த முறை காலைப் பிடித்தபோது கோழி முழுதாகவே தூக்க வந்தது. ஆனால் கரண்டியின் முனையால் அழுத்தினால் எலும்பிலிருந்து கறி வழுக்கிக்கொண்டு விலகியது. நெஞ்சுக்கறி சற்றுக் கெட்டியாகத்தான் இருந்தது, நூலாகப் பிரியவில்லை. முட்டைக்கருக்கள் ஏழு இருந்தன. அவற்றைச் சாற்றில் போட்டு வேகவைத்ததும், மூன்றை என் மாமியார் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்.

நேற்று இரவு ஐந்து பேரும் ரொட்டியைச் சாற்றில் தோய்த்துக் கறியோடு சாப்பிட்டோம். மீந்த கறியை எலும்பிலிருந்து பிரித்து, சாற்றோடு தனித்தனியாக அகலமான பாத்திரத்தில் ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால், பாட்டி சொன்னபடி சாறு நுங்காகக் குலுங்கியது. மேலே உறைந்திருந்த கொழுப்பைக் கரண்டியால் அப்படியே வழித்து எடுக்க முடிந்தது. இன்று பகல் அந்தச் சாற்றை அளந்து ஊற்றிச் சீரகச் சம்பா அரிசியில் சோறு வைத்து, பிய்த்த கறியைக் கிளறிச் சேர்த்தேன். எலும்புகளை மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு மறுபடியும் குக்கரில் வைத்திருக்கிறேன், இரவு ரசத்துக்கு வடகம் தாளிக்க வேண்டியதுதான் பாக்கி.

ஒரு குறை மட்டும் இருந்தது. கடைசி நேரத்தில் நினைத்துக்கொண்டு இரண்டு உருளைக்கிழங்கை நான்காக வெட்டிக் கோழிக்கு மேலே செருகினேன். ஒன்பதரை மணி நேரம் கழித்தும் அவை நடுவில் நறுக்கென்று இருந்தன. அடுத்த முறை வெங்காயத்துக்கும் கீழே, பாத்திரத்தின் சுவரை ஒட்டி வைத்துப் பார்க்கிறேன்.

முத்தியால்பேட்டைப் பாட்டி:

கிழங்கு கீழேதான் போக வேண்டும் அம்மா, சூடு அங்கிருந்துதான் வருகிறது. இந்தப் பாத்திரத்தில் கறியைவிடக் கிழங்கு தாமதமாகத்தான் வேகும். முட்டைக்கரு மூன்றோடு உங்கள் மாமியார் நிறுத்திக்கொண்டது ஆச்சரியம்.